இரண்டு பத்து

இரண்டு பத்துக்குப் பாய் கத்தும்.

பாயென்றால் படுப்பதற்கு என்றுதான்
அறுபத்தேழு வயதுவரை நினைத்திருந்தேன்.
இது படுக்கவிடாத பாய்.
ஸ்பிடெக்ஸ் ரெகுலா கொண்டுவந்து
அவளுடைய கட்டிலுக்குக் கீழே விரித்துவிட்டுப் போனாள்.
அவள் பாதம் அதில் பட்டால்
என் தலைமாட்டில் யாரோ
வாத்துக்குஞ்சின் கழுத்தை நெரிப்பார்கள்.

நகுலேஸ்வரி எழும்பிவிட்டாள்.
வேலைக்குப் பிந்திவிட்டதாம்.
நீலக் காற்சட்டையை நான்தான் ஒளித்துவைத்தேனாம்.
சூரிச்சிலிருந்து கடைசி வண்டி வந்து நிற்குதாம்,
இன்னும் பதினொரு பெட்டி கூட்டக் கிடக்குதாம்.

இருபத்திரண்டு வருஷம்
ஓல்ட்டன் ஸ்டேஷனில்
இரவில் ஓய்ந்துநின்ற ரயில்களைத் துடைத்தவள்.
அந்த இருபத்திரண்டு வருஷமும்
நான் நல்ல நித்திரை கொண்டேன்.
அதையும் சொல்லத்தானே வேண்டும்.
விடிய ஆறுக்கு வருவாள்,
சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி,
என் நித்திரை முறியக்கூடாதென்று
வெறுங்காலோடு.
ஒருநாளும் முறிந்ததில்லை.

'நீங்கள் எத்தனை மணிநேரம் தூங்குகிறீர்கள்?'
படிவத்தில் ஒரேயொரு கட்டம்.
என்னுடையதோ சில்லறை.
சோறு அவியும்வரை கொஞ்சம்,
அவள் குளிக்கையில் கதவோடு சாய்ந்து கொஞ்சம்,
மிக்ரோஸ் வரிசையில் நின்றநிலையில்,
முன்னாலிருந்த மனிதர்
ஐந்து ராப்பன் காசுகளை எண்ணி முடிக்கும்வரை.
ஆறு என்று எழுதினேன்.
ரெகுலா படிவத்தைப் பார்த்தாள், என் கண்ணைப் பார்த்தாள்,
பென்சிலால் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டாள்.

ஒருமுறை கத்தியிருக்கிறேன்.
'நீ வேலையை விட்டு ஏழு வருஷமடி!'
அவள் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
பிறகு மெல்லக் கேட்டாள்:
'என்னை நிப்பாட்டிப் போட்டாங்களோ?
நான் என்ன பிழை விட்டனான்?'

அதற்குப் பிறகு ஏழு வருஷத்தைப் பற்றி
நான் வாய் திறப்பதில்லை.

கார்த்திகை மாதத்து ஒரு புதன்.
எனக்கு மறிக்கச் சத்தில்லை.
சரி, வா, வேலைக்குப் போவம் என்றேன்.
அவளுக்குக் கம்பளிக் கோட்டு, எனக்கு எது கையில் பட்டதோ அது.
ஆரே ஆற்றின் புகார் பாலத்தில் ஏறிப் படுத்திருந்தது.
அவள் எனக்கு முன்னால் நடந்தாள்,
சம்பளத்துக்கு நடக்கிற நடை.

மேடையில் ஒரு குருவி இல்லை.
கண்ணாடி அறைக்குள் நீட்டு வாங்கு.
ஒரு நிமிஷம் இருக்கிறேன் என்றுதான் இருந்தேன்.

தோளில் இரண்டு விரல்.
பிடிக்கவில்லை, உலுப்பவில்லை,
அந்நியரைத் தொடுகிற அளவுக்கு மட்டும் தொட்டு,
'எண்ட்ஸ்டேஷன்' என்றாள்.
முகத்தைக் குனிந்து பார்த்தாள்.
'தமிழோ? எழும்புங்கோ ஐயா.
வீட்டில தேடுவினம்.'

மணிக்கூட்டில் நாலு இருபது.
ஒன்றரை மணிநேரம்,
வெட்டுப்படாத ஒரே துண்டு.
பதறி எழும்பினேன்: அவள் போயிருந்தால்?
தண்டவாளத்துக்கு எட்டு எட்டுத்தானே.

போகவில்லை.
அறையின் கண்ணாடி முழுவதும்
கழுத்துச் சால்வையால் துடைத்திருந்தாள்.
வாங்கையும் துடைத்திருந்தாள்,
நான் சரிந்து கிடந்த இடத்தை மட்டும் விட்டு.
'நல்ல நித்திரை உங்களுக்கு,
அதாலதான் கடைசியா எழுப்பினனான்.'

நன்றி என்றேன்.
வேறென்ன சொல்வது?
உங்கள் வீட்டுப் பக்கம்தான் நானும் போகிறேன் என்றேன்.
சம்மதித்தாள். வழியில்
மேற்பார்வைக்காரனைப் பற்றி ஒரு குறை சொன்னாள்,
ஜன்னலில் சூயிங்கம் ஒட்டுகிற பிள்ளைகளைப் பற்றி ஒன்று.

மூன்றாம் மாடி.
திறப்பைப் போட்டேன்.
அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.
குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றிக்
கையில் எடுத்தாள்.

'சத்தம் போடாதேங்கோ.
உள்ளுக்கு அவர் படுத்திருக்கிறார்.'

நானும் குனிந்தேன்.
இடது கால் நாடாவில்
முடிச்சு இறுகிக் கிடந்தது.